இருமலை அடக்கிய மருந்துகள்

விடியற்காலையில் தோட்டத்து லயங்களின் பக்கம் நடந்து போகிறவர்களுக்குத் தெரியும். சேவல் கூவுவதற்கு முன்பே இருமல் சத்தம் கேட்கும். பனியில் நனைந்து பால்மரம் வெட்டப் போகிறவர், செம்பனைக் குலை சுமக்கிறவர், மருந்து தெளிக்கிறவர், வெள்ளைச் சுருட்டை விட முடியாத பெரியவர், பள்ளிக்குப் புறப்படும் சிறுபிள்ளை என்று வீட்டுக்கு ஒருவராவது இருமிக்கொண்டிருப்பார்கள். "சளிதான், வேறொன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுவது நம்மவர்களின் வழக்கம்.

இந்த இருமல்களில் பெரும்பாலானவை தாமாகவே போய்விடும். சில போகா. போகாதவற்றுள் சில, ஆளைக் கொண்டுபோய்விடும். எது எந்த வகை, எதற்கு எந்த மருந்து, அந்த மருந்தை எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வது நம் ஒவ்வொருவருக்கும் கடமை. நான் டாக்டர் அல்லேன். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியன். டாக்டர்கள் எழுதிவைத்ததைப் படித்து, நம் வீட்டு மொழியில் இங்கே சொல்லுகிறேன். சந்தேகம் இருந்தால் மருந்தகத்துக்குப் போய்க் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

இரண்டு வகைப் பகைவர்கள்

நம் மூச்சுப் பாதையைத் தாக்கும் கிருமிகளில் இரண்டு பெரிய கூட்டங்கள் உண்டு. ஒன்று வைரஸ், மற்றொன்று பாக்டீரியா. இரண்டும் கண்ணுக்குத் தெரியாதவைதாம். ஆனால் எலிக்கும் யானைக்கும் உள்ள வேறுபாடு இவற்றுக்கிடையே உண்டு. பாக்டீரியா தனக்கென்று ஓர் உடலும், உள்ளே ஒரு சமையற்கட்டும் வைத்துக்கொண்டு தானே பிழைக்கும் உயிர். வைரஸ் அதைவிடப் பன்மடங்கு சிறியது. நம்முடைய உடலணுவுக்குள் புகுந்து, நம்முடைய சமையற்கட்டையே பிடித்துக்கொண்டு பெருகுவது.

ஆன்டிபயோட்டிக் என்று நாம் சொல்லும் மருந்துகள் பாக்டீரியாவின் உடற்சுவரை உடைப்பவை, அல்லது அதன் சமையற்கட்டை நிறுத்துபவை. வைரஸுக்குச் சொந்தச் சமையற்கட்டே கிடையாது. ஆகவே இந்த மருந்து அதை ஒன்றும் செய்யாது. சாதாரணச் சளி, மூக்கொழுகல், தொண்டைக் கரகரப்பு, புளூ காய்ச்சல் எல்லாம் வைரஸால் வருபவை. இவற்றுக்கு ஆன்டிபயோட்டிக் கேட்பது, லயத்தில் பாம்பு புகுந்ததற்குக் கொசு மருந்து அடிப்பது போன்றது.

"சளி மஞ்சளாகிவிட்டது, பச்சையாகிவிட்டது; மருந்து வேண்டாமா?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். வைரஸ் சளியிலும் நாலைந்து நாளில் நிறம் மாறும். நம் உடம்பின் வெள்ளணுக்கள் போராடி மடிவதால் வரும் நிறம் அது. நிறத்தை மட்டும் வைத்து மருந்து தீர்மானிப்பதில்லை. அதுபோலவே, சளி விட்ட பின்னும் இருமல் இரண்டு மூன்று வாரம் இழுப்பது உண்டு. காய்ச்சல் இல்லாமல், மூச்சிறைப்பு இல்லாமல், நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தால் பயப்பட வேண்டியதில்லை. வெந்நீர், கஞ்சி, ஓய்வு இவையே போதும். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு ஒரு கரண்டி தேன் கொடுக்கலாம். ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தேன் ஆகாது.

எந்த இருமலுக்கு ஓட வேண்டும்?

முதலாவது, நுரையீரல் காய்ச்சல். நியூமோனியா என்பார்கள். காற்றுப் பைகளில் சீழும் நீரும் நிரம்பி, மூச்சு விட இடமில்லாமல் போகும் நோய். சிறு குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் இது எமன்.

குழந்தைக்கு நியூமோனியாவா என்று அறிய உலகச் சுகாதார நிறுவனம் ஓர் எளிய வழி சொல்லியிருக்கிறது. கைக்கடிகாரம் ஒன்று போதும். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறது என்று எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது மேல், ஒரு வயது முதல் ஐந்து வயதுக்குள் 40 அல்லது மேல் என்றால் அது வேக மூச்சு. அன்றே மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழுந்தால், குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், உதடு நீலம் பூத்தால், வலிப்புக் கண்டால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நடு இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தோட்டத்து லாரியோ பக்கத்து வீட்டு வாகனமோ, எது கிடைக்கிறதோ அதில் ஏறுங்கள். வீட்டிலேயே சமாளிக்கும் நிலையில் உள்ள குழந்தைக்கு அமோக்ஸிசிலின் என்ற சாதாரண மருந்தே பெரும்பாலும் போதும். சரியான நாளில் தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

பெரியவர்களுக்கு நெஞ்சில் குத்தல், குளிர்காய்ச்சல், மூச்சிறைப்பு, துருநிறச் சளி ஆகியவை அடையாளம். தாத்தா பாட்டிமாருக்குக் காய்ச்சலே தெரியாமல், சோர்வும் மனத் தடுமாற்றமுமாக வருவதுண்டு.

இரண்டாவது, கக்குவான் இருமல். மூன்றாவது, சீழ் பிடித்த தொண்டை வலி. இதில் ஒரு வகைக் கிருமியைக் கவனிக்காமல் விட்டால், பின்னால் இருதய வால்வைக் கெடுக்கும் வாதக் காய்ச்சல் வரக்கூடும். இவற்றுக்கெல்லாம் டாக்டர் பார்த்துக் கொடுக்கும் ஆன்டிபயோட்டிக் உண்டு.

நான்காவதுதான் நம் முன்னோரை வாட்டிய பெரிய நோய்: எலும்புருக்கி என்றும், காசம் என்றும், டிபி என்றும் சொல்லப்படுவது. இரண்டு வாரத்துக்கு மேல் விடாத இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, உடல் மெலிவு, பசியின்மை, சளியில் இரத்தம் ஆகியவை இதன் அறிகுறிகள். இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். மலேசியாவில் 2022-இலும் 2023-இலும் ஒவ்வோர் ஆண்டும் 25,000-க்கு மேற்பட்டவர்களுக்கு இந்நோய் கண்டுபிடிக்கப்பட்டது.

மண்ணில் பிறந்த மருந்து

டிபி கிருமியை ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் பெர்லினில் அறிவித்தார். அந்த நாளைத்தான் இன்று உலகக் காசநோய் நாளாகக் கொள்ளுகிறோம். பகைவன் யாரென்று தெரிந்துவிட்டது. ஆனால் அவனைக் கொல்ல ஆயுதம் கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1928-இல் அலெக்ஸாண்டர் பிளெமிங் லண்டனில் கண்ட பெனிசிலின், நியூமோனியாவை அடக்கியது. டிபி கிருமியிடம் அது பலிக்கவில்லை. மெழுகு பூசியது போன்ற தடித்த மேலுறை அந்தக் கிருமிக்கு.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து ரட்கர்ஸ் கல்லூரியில், செல்மன் வாக்ஸ்மன் என்ற பேராசிரியர் மண்ணை ஆராய்ந்துகொண்டிருந்தார். மண்ணுக்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் ஒன்றோடொன்று போரிடுகின்றன. அவை ஒன்றையொன்று கொல்லச் சுரக்கும் பொருளே நமக்கு மருந்தாகலாம் என்பது அவர் எண்ணம். அவரிடம் படித்த ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற 23 வயது மாணவர், கல்லூரிக் கட்டடத்தின் அடித்தளத்து அறையில் இரவு பகலாக உழைத்தார். 1943-ஆம் ஆண்டு அக்டோபரில் அவருக்கு அது கிடைத்தது. எங்கிருந்து தெரியுமா? எருவிட்ட வயல் மண்ணிலிருந்து ஒன்று. ஒரு கோழியின் தொண்டையிலிருந்து எடுத்தது மற்றொன்று. அந்த நுண்ணுயிர் சுரந்த பொருளுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்று பெயரிட்டார்கள். மண்ணை மிதித்துப் பிழைக்கும் நமக்கு, மண்ணுக்குள்ளேயே மருந்தும் இருந்தது என்பது ஆச்சரியமாக இல்லையா?

இதில் ஒரு மனவருத்தமான செய்தியும் உண்டு. புகழும் வருமானமும் பேராசிரியர் பக்கமே போயின. மாணவர் 1950-இல் வழக்குத் தொடுத்தார். அவரும் உடன் கண்டுபிடித்தவரே என்று ஒப்புக்கொள்ளப்பட்டு, வருமானத்தில் ஒரு பங்கும் கிடைத்தது. ஆனால் 1952-இல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. உழைத்தவன் ஒருவன், பெயர் எடுத்தவன் ஒருவன் என்பது நமக்குப் புதிய கதையா என்ன?

ஒரு மருந்து போதாது

இங்கிலாந்தில் அப்போது இந்த மருந்துக்குக் கடும் தட்டுப்பாடு. இருக்கிற கொஞ்ச மருந்தை யாருக்குக் கொடுப்பது? மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தார் கடுமையான நுரையீரல் டிபி கண்ட 107 பேரைத் தேர்ந்தெடுத்து, சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் இரண்டு பிரிவாக்கினார்கள். 55 பேருக்குப் படுக்கை ஓய்வோடு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. 52 பேருக்கு அக்கால வழக்கப்படி படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் ஊசி பெற்றவர்களில் 4 பேர் இறந்தார்கள்; பெறாதவர்களில் 14 பேர். 1948-இல் இந்த முடிவு வெளியானபோது உலகமே மகிழ்ந்தது.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஐந்து ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, ஊசி பெற்ற 55 பேரில் 32 பேரும், பெறாத 52 பேரில் 35 பேரும் மாண்டிருந்தார்கள். முதல் ஆறு மாதத்தில் கிடைத்த இலாபம் பெரும்பாலும் கரைந்துபோயிற்று. ஏன்?

நோயாளியின் நெஞ்சில் கோடிக்கணக்கான கிருமிகள். அவற்றில் ஒருசில, பிறவியிலேயே அந்த மருந்துக்கு அசையாதவை. ஊசி போடப்போட மற்றவை சாகும். அசையாதவை மட்டும் மிஞ்சும். காலியான இடத்தில் அவை பெருகும். பிறகு எத்தனை ஊசி போட்டாலும் பயனில்லை. நாம் லாலான் புல்லை அழிக்கிற கதைதான். மேலே கருகியது என்று விட்டுவிட்டால், அடியில் உள்ள கிழங்கிலிருந்து மறு மாதமே கிளம்பி வருகிறதல்லவா?

ஆகவே இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். முன்வாசலில் தப்பிய திருடனைப் பின்வாசலில் பிடிப்பது போல, ஒரு மருந்துக்குத் தப்பிய கிருமியை மற்றொரு மருந்து பிடித்தது. பாஸ் என்ற மருந்து வந்தது. 1952-இல் ஐசோநியாசிட் வந்தது. பின்னர் ரிபாம்பிசின் வந்தது. மருந்துகளைச் சேர்த்தே கொடுப்பது, முழுக் காலமும் கொடுப்பது என்ற இரண்டு விதிகள் அன்றிலிருந்து இன்றுவரை மாறவில்லை.

சென்னை உலகுக்குக் காட்டிய வழி

அந்தக் காலத்தில் டிபி என்றால் ஆளை வீட்டைவிட்டுப் பிரித்து, ஆண்டுக்கணக்கில் சானட்டோரியத்தில் படுக்க வைப்பார்கள். ஏழைக்கு அது இயலுமா? உழைக்கிறவன் படுத்துவிட்டால் அடுப்பு எரியுமா? படுக்கைதான் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

இந்தக் கேள்விக்கு விடை சொன்னது நம் சென்னை நகரம். 1956-இல் அங்கே சேத்துப்பட்டில் ஒரு காசநோய் மருந்தாராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், சென்னை அரசாங்கம், உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை கைகோத்தன. வாலஸ் பாக்ஸ் என்ற டாக்டர் முன்னின்று நடத்தினார். நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேர் அந்த ஆராய்ச்சியில் சேர்ந்தார்கள். ஒரு பிரிவினர் சானட்டோரியத்தில் நல்ல உணவு, ஓய்வு, தாதியர் கவனிப்போடு ஓராண்டு சிகிச்சை பெற்றார்கள். மற்றவர்கள் நெருக்கமான சின்ன வீடுகளிலேயே இருந்துகொண்டு, அதே மருந்தை அதே ஓராண்டு சாப்பிட்டார்கள்.

1959-இல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்திருந்தார்கள். கூடவே இருந்த மனைவி மக்களுக்கு அதனால் நோய் கூடுதலாக வரவும் இல்லை. குணப்படுத்துவது காற்றோட்டமான மலையோ, முட்டையும் பாலுமோ அல்ல, தவறாமல் சாப்பிடும் மருந்தே என்பது நிலைநாட்டப்பட்டது. அந்த ஏழைத் தமிழர்களின் உதவியால் உலகமெங்கும் கோடிக்கணக்கான நோயாளிகள் வீட்டிலிருந்தே பிழைக்க வழி பிறந்தது. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

நம் நாட்டிலும் 1961-இல் தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. பிறந்த குழந்தைகளுக்கு பிசிஜி ஊசி போடும் வழக்கமும் அத்திட்டத்தோடு வந்ததுதான். தோள் பக்கத்தில் தழும்பு இருக்கிறதே, அதுதான். சிறுபிள்ளைகளுக்கு வரும் கொடிய வகை டிபியிலிருந்து அது காக்கிறது. பெரியவனான பிறகு வரும் நுரையீரல் டிபிக்கு அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

காதைப் பதம் பார்த்த ஊசி

தினமும் ஊசி போட்டுக்கொண்ட அந்தக் காலத்து நோயாளிகளில் சிலருக்குக் காதில் இரைச்சல் கேட்டது. தலை சுற்றி நடை தடுமாறியது. சிலருக்குக் காதே கேளாமல் போனது. இது ஸ்ட்ரெப்டோமைசின் சேர்ந்த குடும்பத்தின் குணம். அமினோகிளைகோசைட் என்பது அந்தக் குடும்பத்தின் பெயர். கனமைசின், ஜென்டமைசின், டோப்ரமைசின், அமிகாசின் எல்லாம் இதே குடும்பத்துப் பிள்ளைகள்.

இவை கிருமியின் சமையற்கட்டுக்குள் புகுந்து, அது புரதம் தயாரிப்பதைக் குழப்பிவிடும் ஆற்றல் உள்ளவை. ஆனால் மாத்திரையாக விழுங்கினால் குடலிலிருந்து இரத்தத்தில் ஏறுவதில்லை. எனவே ஊசியாகத்தான் போட வேண்டும். ஊசியாகப் போட்டாலோ, உள்காதின் நுண்ணிய மயிரணுக்களையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும். உள்காதின் மயிரணு ஒருமுறை பட்டுப்போனால் மீண்டும் முளைப்பதில்லை. அதனால்தான் இந்த ஊசி போடும்போது இரத்தப் பரிசோதனையும் காதுப் பரிசோதனையும் செய்கிறார்கள். கர்ப்பிணிகளும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

மருந்துக்கு மசியாத டிபி வந்தவர்களுக்குப் பல மாதம் இந்த ஊசியைத் தினமும் போட வேண்டியிருந்தது. சிகிச்சையும் 18 மாதத்துக்கு மேல் நீளும். பிழைத்தவர்களில் பலர் செவியை இழந்தார்கள். இப்போது நல்ல காலம் பிறந்திருக்கிறது. 2018-19-இல் உலகச் சுகாதார நிறுவனம் கனமைசின் ஊசி வேண்டாம் என்று அறிவித்தது. 2022-இல், தகுதியுள்ள நோயாளிகளுக்கு ஊசியே இல்லாமல் ஆறு மாத மாத்திரைச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது.

மூச்சோடு போகும் மருந்து

நோய் இருப்பது மூச்சுக் குழாயில். மருந்தை இரத்தம் முழுவதும் சுற்றவிட்டுக் காதையும் சிறுநீரகத்தையும் வதைப்பானேன்? மூச்சோடு கலந்து நேரே நெஞ்சுக்கே அனுப்பினால் என்ன? இந்த எண்ணத்தில் பிறந்ததுதான் இழுத்துச் சுவாசிக்கும் ஆன்டிபயோட்டிக்.

மேலைநாட்டு வெள்ளையர்களிடம் சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்ற பிறவி நோய் உண்டு. நெஞ்சுச் சளி பசைபோல் கெட்டியாகி, சூடோமோனாஸ் என்ற பிடிவாதமான கிருமி அதில் குடியேறிவிடும். நம்மவர்களிடம் இந்நோய் அரிது. அந்தப் பிள்ளைகளுக்காக டோப்ரமைசினை நீராவிபோல் நுண்துளிகளாக்கிச் சுவாசிக்கும் முறைக்கு அமெரிக்காவில் 1997-இன் இறுதியில் அனுமதி கிடைத்தது. ஒரு வேளைக்கு 300 மில்லிகிராம், காலையும் மாலையும். 28 நாள் இழுக்க வேண்டும், 28 நாள் நிறுத்த வேண்டும். இப்படி மாற்றி மாற்றி. சளியில் மருந்து ஏராளமாகச் சேரும். இரத்தத்தில் சொற்பமே கலக்கும். அதனால் காதுக்கும் சிறுநீரகத்துக்கும் ஆபத்துக் குறைவு. அறவே இல்லை என்று சொல்ல முடியாது. சிலருக்குக் குரல் கம்மும். சிலருக்கு இருமலும் இழுப்பும் வரும். ஆகையால் முதல் வேளையை ஆஸ்பத்திரியில் டாக்டர் முன்னிலையில்தான் கொடுப்பார்கள்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. மூச்சுக்குழாய் விரிவு நோய் என்று ஒன்று உண்டு. இளம் வயதில் கடுமையான அம்மையோ, கக்குவானோ, நியூமோனியாவோ, டிபியோ வந்து போனவர்களில் சிலருக்கு மூச்சுக் குழாய்கள் தளர்ந்து பைபோல் விரிந்துவிடும். சாதாரணமாகக் குழாயில் உள்ள நுண்மயிர்கள் சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். விரிந்த குழாயில் அந்த வேலை நடக்காது. லயத்துக்கு முன்னால் அடைத்துக்கொண்ட சாக்கடைபோல் சளி தேங்கும்; அதில் கிருமி குடியேறும். தினமும் காலையில் கப்புக் கப்பாகச் சளி, துர்நாற்றம், அடிக்கடி காய்ச்சல், சில நேரம் இரத்தம் என்று ஆண்டுக்கணக்கில் தொல்லை. டிபி குணமாகி இருபது ஆண்டாகியும் "எனக்கு நெஞ்சு சரியில்லை" என்று சொல்லும் பெரியவர்களில் இந்நோய் உள்ளவர்கள் உண்டு. "மறுபடியும் டிபி" என்று அக்கம்பக்கம் ஒதுக்கிவைப்பது அறியாமை. நெஞ்சு ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் சளியைப் பரிசோதித்துச் சொல்லட்டும். சளியை வெளியேற்றும் மூச்சுப் பயிற்சிகளே இதற்கு முதல் சிகிச்சை. சூடோமோனாஸ் குடியேறி அடிக்கடி படுக்கையில் விழும் சிலருக்கு, இழுக்கும் ஆன்டிபயோட்டிக்கையும் ஸ்பெஷலிஸ்ட் டாக்டர்கள் தருகிறார்கள்.

அமிகாசினைக் கொழுப்பு உறையிட்ட நுண்துளிகளாக்கி இழுக்கும் மருந்துக்கு 2018-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. டிபி கிருமியின் தூரத்து உறவான, மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் ஒரு கிருமியால் வரும் நெஞ்சு நோய்க்கு, மற்ற மருந்துகள் ஆறு மாதம் கொடுத்தும் சளி சுத்தமாகாதவர்களுக்குக் கூடுதல் மருந்தாக அது பயன்படுகிறது. மூச்சு இயந்திரத்தில் கிடக்கும் நோயாளிகளுக்கு மூன்று நாள் அமிகாசின் இழுக்கக் கொடுத்தால் நியூமோனியா குறைகிறது என்று பிரான்சு நாட்டு ஆராய்ச்சி ஒன்று 2023-இல் காட்டியது. கொடுக்கப்படாதவர்களில் நூற்றுக்கு 22 பேருக்கு வந்தது. கொடுக்கப்பட்டவர்களில் 15 பேருக்கு.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்தியாக வேண்டும். மருந்தகத்தில் ஆஸ்துமாப் பிள்ளைக்கு முகமூடி மாட்டிப் புகைபோல் மருந்து கொடுக்கிறார்களே, "கேஸ் வைத்தார்கள்" என்று நாம் சொல்லுவோமே, அது பெரும்பாலும் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து, ஆன்டிபயோட்டிக் அல்ல. இயந்திரம் ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே ஊற்றும் மருந்து வேறு. வீட்டில் அந்த இயந்திரம் வாங்கி வைத்திருப்பவர்கள், வேறு எந்த மருந்தையும் தாமாக அதில் ஊற்றக் கூடாது. சொன்னபடி ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவைக்காவிட்டால், அந்தக் குவளையே கிருமிக்கு வீடாகிவிடும்.

ஆறு மாதமும் முக்கியம்

இன்று சாதாரண டிபிக்குச் சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து. அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்து. ஊசி இல்லை. இதில் கஷ்டம் எங்கே வருகிறது தெரியுமா? மூன்றாம் மாதத்தில். அதற்குள் இருமல் நின்றுவிடும். பசி எடுக்கும். உடம்பு தேறும். "நல்லாயிட்டேன் சார், இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு வெட்டுக்காரர், நான்கு பிள்ளைகளின் தகப்பன். இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டார். மருந்தகத்துக்குப் போய்வர அரைநாள் கூலி போகிறது என்று நிறுத்திவிட்டார். மனைவியிடமும் சொல்லவில்லை. ஓராண்டு நன்றாகவே இருந்தார். பிறகு இரத்தமாகக் கக்கினார். இம்முறை பழைய மாத்திரைகளில் முக்கியமானவை பலிக்கவில்லை. அதற்குள் அவர் மடியில் உட்கார்ந்து விளையாடிய கடைசிப் பெண்ணுக்கும் நோய் தொற்றிவிட்டது. அரைநாள் கூலியை மிச்சம் பிடித்தவர், பல மாதக் கூலியை இழந்தார். இருவரும் பிழைத்தார்கள். அந்தப் பெண் ஒரு வருடப் படிப்பை இழந்தாள்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கூலி நாளைக் கணக்குப் பார்த்து வாழ்கிறவர்களுக்கு அரைநாள் என்பது அரிசி. ஆகவேதான் மருந்தை நேரில் பார்த்து விழுங்கச் செய்யும் முறை வந்தது. மருந்தகம் தூரமானால், பக்கத்தில் யாராவது பொறுப்பானவர் முன்னிலையில் சாப்பிட ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேளுங்கள். தோட்டத்து டிரஸரோ, குடும்பத்தாரோ பொறுப்பேற்கலாம். கங்காணிமார்களும் கிராணிமார்களும் டிபி நோயாளிக்கு மருந்தகம் போக நேரம் விட்டுக்கொடுக்க வேண்டும். அது தருமம் மட்டுமல்ல. முழுத் தோட்டத்துக்கும் பாதுகாப்பு. நம் லயங்களில் இப்போது வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் குடியிருக்கிறார்கள். அவர்கள் இருமினாலும் அதே காற்றைத்தான் நம் பிள்ளைகள் சுவாசிக்கிறார்கள். வேலை போய்விடுமோ என்று பயந்து அவர்கள் நோயை மறைத்தால், அது எல்லோருக்கும் கேடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிபி வந்த வீட்டில் பெண் எடுக்கமாட்டோம் என்பதும், தட்டு முட்டுகளைத் தனியாக வைப்பதும் நம்மிடம் இன்னும் இருக்கிறது. டிபி தட்டிலோ குவளையிலோ தொற்றுவதில்லை. இருமும்போது வரும் காற்றில் தொற்றுகிறது. சரியான மருந்தைத் தொடங்கிய சில வாரங்களில் பெரும்பாலான நோயாளிகளிடமிருந்து தொற்றும் அபாயம் நின்றுவிடுகிறது. ஒதுக்கிவைத்தால் நோயை மறைப்பார்கள். மறைத்த நோய்தான் பரவும்.

நினைவில் வைக்க வேண்டியவை

1. சளிக்கும் புளூவுக்கும் ஆன்டிபயோட்டிக் கேட்காதீர்கள். டாக்டர் தரவில்லை என்றால் கோபிக்காதீர்கள்.

2. கொடுத்தால், சொன்ன வேளைக்குச் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். நடுவில் அரிப்போ, முகவீக்கமோ, மூச்சுத் திணறலோ வந்தால் நிறுத்தி உடனே டாக்டரைப் பாருங்கள்.

3. அண்ணனுக்குக் கொடுத்த மருந்தைத் தம்பிக்குக் கொடுக்காதீர்கள். அலமாரியில் மீந்த பழைய மாத்திரையை அடுத்த இருமலுக்கு எடுக்காதீர்கள். நம் நாட்டில் டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயோட்டிக் விற்பது சட்டப்படி குற்றம். கடையில் இரகசியமாகக் கிடைக்கும் மாத்திரையை வாங்காதீர்கள்.

4. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் கேளுங்கள். அரசாங்க மருந்தகத்தில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான்.

5. டிபி மாத்திரை சாப்பிடும்போது சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது ரிபாம்பிசினின் இயல்பு. பயந்து நிறுத்திவிடாதீர்கள். கண் மஞ்சளானால், பார்வை மங்கினால், ஓயாமல் வாந்தி எடுத்தால், அன்றே மருந்தகத்துக்குப் போய்ச் சொல்லுங்கள்.

6. வீட்டில் ஒருவருக்கு டிபி என்றால் எல்லோரும் பரிசோதனைக்குப் போங்கள். குறிப்பாக ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். நோய் வராமல் தடுக்க அவர்களுக்கு மாத்திரை உண்டு.

7. பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள். 2020 முதல் பிறந்த குழந்தைகளுக்கு நிமோகோக்கல் என்ற நியூமோனியாக் கிருமிக்கான தடுப்பூசியும் அரசாங்கத்தால் போடப்படுகிறது. விட்டுப்போன ஊசி ஏதும் உண்டா என்று தாதியிடம் கேளுங்கள்.

8. சன்னலைத் திறந்து வையுங்கள். குழந்தை இருக்கும் அறையில் புகை பிடிக்காதீர்கள். இருமும்போது வாயைத் துணியால் மூடுங்கள். கண்ட இடத்தில் துப்பாதீர்கள்.

பாக்டீரியாக்கள் கற்றுக்கொள்ளுகின்றன. குறைந்த அளவு மருந்தைக் காட்டினால் கிருமிக்குப் பழக்கம் வந்துவிடும் என்று பெனிசிலினைக் கண்ட பிளெமிங்கே 1945-இல் நோபல் பரிசு உரையில் எச்சரித்தார். நாம் இன்று அரைகுறையாகச் சாப்பிடும் மருந்து, நாளை நம் பேரப்பிள்ளைக்குப் பலிக்காமல் போகலாம். மண்ணிலிருந்து அரும்பாடுபட்டு எடுத்த மருந்தை வீணாக்காமல் வைத்திருப்பது நம் கையில் இருக்கிறது. நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்பார்கள் பெரியவர்கள். இருமலுக்கு முதலில் மருந்தகத்தைப் பாருங்கள். தொடங்கிய மாத்திரையைக் கடைசி மாத்திரை வரை சாப்பிடுங்கள்.